நாயும் வரலாம்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பற்றிப் பேசப் போறியள், அக்கா?" என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் தம்பி கேட்டபோது, "நாயைக் கூட்டிக்கொண்டு பண்ணையிலை போய்த் தங்கின கதை" என்றேன். தம்பி சிரித்துவிட்டார். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலரும் இப்போது சிரிக்கக்கூடும். எங்கள் வீட்டிலும் முதலில் அதே சிரிப்புத்தான். ஆனால் நாய் வளர்க்கும் குடும்பங்கள் இப்போது எங்களிடையேயும் கூடி வருகின்றன. விடுமுறை வந்தால் நாயை யாரிடம் விடுவது என்ற கவலையும் கூடவே வருகிறது. ஆகவே என் அனுபவம் யாருக்காவது உதவும் என்ற நம்பிக்கையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் பெயர் பிஸ்கற். 2021ஆம் ஆண்டு மகள் ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து கொண்டுவந்தாள். மண்ணிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றக் காது மடிந்து கிடக்கும். நான் வேண்டாம் என்றுதான் நின்றேன். "சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ளை நாய் வேண்டாம்" என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. அதைப் பின்னர் சொல்கிறேன். நாய் வந்து நான்கு வருடமாகியும் அதன் கயிற்றை நான் ஒருநாளும் கையில் பிடித்ததில்லை. ஆனால் ரொட்டி சுடும் நேரம் யாரும் பார்க்காமல் "இந்தா" என்று ஒரு துண்டைப் போடுவேன். அது எனக்கும் நாய்க்கும் இடையிலான இரகசியம்.

நான் ஒரு பாடசாலையின் உணவுக்கூடத்தில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு வைகாசி மாதக் கடைசியில் பாடசாலைக்கு ஒரு வார விடுமுறை வந்தது. மகள் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, கம்பிரியாவிலை ஒரு பண்ணை. உண்மையாகவே ஆடு மாடு வளர்க்கிற பண்ணை. அங்கை ரெண்டு நாள் தங்கலாம். நாயும் வரலாம் எண்டு போட்டிருக்கினம்" என்றாள்.

இவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலை படுக்கக் காசு குடுக்கிற முதல் ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம்."

ஆனால் போனோம். லண்டனிலிருந்து 280 மைலுக்குக் கிட்ட. நாய்க்கும் சேர்த்து இடையிடையே நிறுத்தியதால் ஏழு மணித்தியாலம் எடுத்தது. காரில் நாயைச் சும்மா விடக்கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீதி ஒழுங்கு நூலிலேயே அது இருக்கிறது. நாய்க்குரிய பட்டி போட்டோ, கூட்டுக்குள் வைத்தோதான் கொண்டுபோக வேண்டும். பின் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போவது ஆபத்து.

லேக் டிஸ்ரிக்ற் என்று அழைக்கப்படும் அந்த ஏரி மாவட்டம் 1951இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. ஏரியும் மலையும் அழகு என்பதற்காக மட்டும் அல்ல, அந்த மலைகளில் நூற்றாண்டுகளாகச் செம்மறி மேய்த்து வாழ்ந்த குடியானவர்களின் வாழ்க்கை முறைக்காகவும்தான். நாங்கள் படம் எடுக்கிற அந்தக் கற்சுவர்களும் பசும்புல்லும் தாமாக உண்டானவை அல்ல.

அங்கே மேய்வது ஹேர்ட்விக் என்ற இனச் செம்மறி. குட்டி பிறக்கும்போது கறுப்பு. வளர வளர முகம் வெளுத்து, உடம்பு சாம்பல் நிறமாகிவிடும். பீற்றர் என்ற முயலின் கதையை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் படித்திருப்பார்கள். அதை எழுதிய பியற்றிக்ஸ் பொட்டர் அம்மையார் அந்தப் பகுதியில் இந்த ஆடுகளை வளர்த்தவர். 1943இல் அவர் இறந்தபோது 14 பண்ணைகளையும் 4000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் நஷனல் ட்ரஸ்ற் அமைப்புக்கு எழுதிவைத்தார்.

நாங்கள் போய் இறங்கியபோது பண்ணைக்கார அம்மா வாசலுக்கு வந்தார். எழுபதை நெருங்கும் வயது. முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. எங்களுக்கு வணக்கம் சொல்ல முன்னர் குனிந்து நாய்க்குத்தான் கையை நீட்டினார். பிறகு தேத்தண்ணி தந்தார். அது முடிய முன்னரே ஒழுங்கு விதிகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். கண்டிப்பான குரல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொன்னார்.

நாய் எங்கேயும் கயிற்றில்தான் இருக்கவேண்டும். அறையில் அதைத் தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது. புது இடத்தில் தனிமைப்பட்டால் குரைக்கும், கதவைப் பிராண்டும். கட்டிலில் ஏற்றக்கூடாது. படலை எப்படி இருந்ததோ அப்படியே விடவேண்டும். பூட்டியிருந்தால் பூட்டவேண்டும், திறந்திருந்தால் திறந்தபடியே விடவேண்டும். ஏனென்றால் திறந்த படலைக்கு அப்பால் ஆடுகளுக்குத் தண்ணீர் இருக்கலாம்.

நாயின் மலத்தைப் பற்றி அவர் விசேடமாகச் சொன்னார். "புல்லுக்குள் கிடந்தால் என்ன, உரம்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல" என்றார். நாயின் மலத்திலிருந்து பரவும் நியோஸ்போரா என்ற ஒரு நுண்ணுயிர் மாட்டுக்குத் தொற்றினால் கன்று வயிற்றிலேயே அழிந்துபோகும். அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. செம்மறிக்குத் தொற்றும் நாடாப்புழுவும் நாயிலிருந்து வருவதுண்டு. அதனால் நாய்க்கு ஒழுங்காகப் பூச்சிமருந்து கொடுக்கிறோமா என்று கேட்டார். மகள் கடைசியாகக் கொடுத்த திகதியைச் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் இளகியது.

அவர்களுடைய சொந்த நாய்கள் மூன்று. ஆடு மேய்க்கும் கறுப்பு வெள்ளை நாய்கள். அவை வீட்டுக்குள் வருவதில்லை. வைக்கல் போட்ட கொட்டிலில் படுக்கின்றன. எங்கள் ஊர் நாய்கள் போலத்தான் என்று இவர் மெதுவாகச் சொன்னார். பின்னேரம் அவை வேலை செய்வதைப் பார்த்தோம். பண்ணைக்காரர் படலையடியில் நின்றபடி ஒரு விசில் ஊதுவார். ஒரு நாய் ஆட்டுக்கூட்டத்தை வலஞ்சுழியாகச் சுற்றிப்போகும். வேறு விதமாக ஊதினால் இடஞ்சுழியாகச் சுற்றும். இன்னொரு ஒலிக்கு அப்படியே நிலத்தோடு படுத்துவிடும். குரைப்பதேயில்லை. வேலை முடிந்ததும் "போதும்" என்ற பொருளில் ஒரு சொல். உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவருடைய காலடிக்கு வந்துவிடும். எங்கள் பிஸ்கற் கயிற்றில் நின்று இதையெல்லாம் வாய்பிளந்து பார்த்தது.

இரட்டைக்குட்டி ஈன்ற ஆடுகள் வீட்டை ஒட்டிய வயல்களில் நின்றன. ஒற்றைக்குட்டி ஈன்றவை குட்டியுடன் மலைக்குப் போய்விட்டன. மலையில் வேலி கிடையாது. "பிறகு எப்படி உங்கள் ஆடு உங்கள் பக்கத்திலேயே நிற்கிறது?" என்று மகள் கேட்டாள். பண்ணைக்காரர் சொன்ன பதில் என் மனதில் அப்படியே இருக்கிறது. தாய் ஆடு தான் பிறந்து வளர்ந்த பகுதியை விட்டுப் போகாதாம். குட்டி தாயோடு நடந்து நடந்து அந்த எல்லையைப் படிக்குமாம். பிறகு அது தன் குட்டிக்குக் காட்டும். இதை ஹெஃப்ற் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிற அறிவு.

அடுத்த நாள் காலைதான் அந்தச் சம்பவம்.

விடிய ஐந்தரை மணி. அங்கே அந்த நேரமே நல்ல வெளிச்சம். மகளும் இவரும் நல்ல நித்திரை. பிஸ்கற் கதவடியில் நின்று முனகியது. பாவம், வெளியே போகவேண்டும். நான் முதன்முறையாகக் கயிற்றைக் கையில் எடுத்தேன். நாய்க்கென்று காட்டிய துண்டு நிலத்துக்குப் போவதற்கு ஒரு சிறிய படலையைத் தாண்டவேண்டும். உடனே திரும்பி வருவதுதானே என்று அதைச் சாத்தாமல் விட்டேன்.

திரும்பி வரும்போது அந்தப் படலையின் மறுபக்கத்தில் ஒரு தாய் ஆடும் இரண்டு குட்டிகளும் நின்றன. தாய் எங்களைப் பார்த்து முன்னங்காலை நிலத்தில் ஓங்கி அடித்தது. பிஸ்கற் குரைத்துப் பாய்ந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. கயிறு கையை விட்டுப் போய்விட்டது.

நேயர்களே, அந்த அரை நிமிடத்தை எப்படிச் சொல்வது? வயல் முழுவதும் இருந்த ஆடுகள் ஒரே வெள்ளம்போலக் கீழ்ச்சுவரை நோக்கி ஓடின. குட்டிகள் தாய் எது, பிறர் எது என்று தெரியாமல் கத்தின. நாய் அவற்றுக்குப் பின்னால். நான் "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டு ஓடினேன். முற்றத்திலிருந்து பண்ணைக்காரர் வந்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "ஓடவேண்டாம். கத்தவேண்டாம். நீங்கள் ஓடினால் அது விளையாட்டென்று நினைக்கும். அப்படியே குந்தி இருந்து, வீட்டில் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுங்கள்" என்றார்.

வீட்டில் நான் அதை எப்படிக் கூப்பிடுவேன்? குந்தியிருந்தேன். வாயில் வந்தது ஒரே சொல்தான். "இந்தா. பிஸ்கற், இந்தா."

நாய் நின்றது. திரும்பிப் பார்த்தது. பிறகு ரொட்டித்துண்டு எங்கே என்று தேடிக்கொண்டு என் மடிக்கே வந்துவிட்டது. நான் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தேன். அந்த நாயை நான் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

பண்ணைக்காரர் என்னோடு ஒன்றும் பேசவில்லை. நேரே வயலுக்குள் இறங்கிச் சுவரோரமாக நடந்து எண்ணத் தொடங்கினார். எந்த ஆட்டுக்கும் காயமில்லை. ஆனால் ஒரு குட்டி தாயைத் தவறவிட்டு மூலையில் ஒதுங்கிப்போயிற்று. அதை அதன் தாயோடு சேர்க்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நான் முற்றத்துக் கல்லில் நாயைப் பிடித்தபடி அவ்வளவு நேரமும் இருந்தேன். எழும்பிப் போக மனம் வரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். பிறகு என் அருகில் இருந்து நிதானமாகச் சொன்னார். இந்த நாட்டில் 1953ஆம் ஆண்டிலிருந்தே கால்நடைகளை நாய்களிடமிருந்து பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. நாய் கடிக்கவேண்டும் என்றில்லை. துரத்தினாலே குற்றம். செம்மறி நிற்கும் வயலில் கட்டுப்பாடில்லாமல் விட்டாலே குற்றம். சினை ஆட்டைத் துரத்தினால் பயத்திலேயே குட்டி அழிந்துபோகும். 1971ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, தன் கால்நடையைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றால் பண்ணைக்காரர் நாயைச் சுடலாம். 48 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும்.

"ஒருமுறை சுட்டிருக்கிறேன்" என்றார். "பதினொரு ஆடு செத்துக் கிடந்தது. நாயின் சொந்தக்காரர் ஒரு சின்னப் பையனோடு வந்தார். அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்குத் தெரிகிறது. அதனால்தான் இங்கே வருகிறவர்களிடம் கயிறு, கயிறு என்று கத்துகிறோம்."

அன்று இரவு பண்ணைக்கார அம்மா எங்களைத் தங்கள் குசினி மேசைக்குக் கூப்பிட்டார். காலையில் நடந்ததற்குப் பின்னும் கூப்பிட்டாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நாங்கள் கொண்டுபோயிருந்த இடியப்பத்தையும் சம்பலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார். பேச்சு மெல்ல 2001ஆம் ஆண்டுக்குப் போயிற்று.

அந்த ஆண்டு மாசி மாதத்தில் பிரித்தானியாவில் கால்வாய் நோய், அதாவது கோமாரி, கண்டுபிடிக்கப்பட்டது. நாங்கள் சிலர் அப்போது இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். தொலைக்காட்சியில் எரியும் மாடுகளைப் பார்த்து முகத்தைத் திருப்பியது ஞாபகம் இருக்கும். நாடு முழுவதும் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மிக மோசமாக அடிபட்டது கம்பிரியா. கிரேட் ஓட்டன் என்ற இடத்தில் ஒரு பழைய விமானத்தளத்தையே பெருங்குழிகளாக வெட்டி ஆடுகளைப் புதைத்தார்கள்.

இவர்களுடைய ஆடுகளுக்கு நோய் இருக்கவில்லை. பக்கத்துப் பண்ணையில் நோய் உறுதியானது. எல்லை ஒட்டிய பண்ணை என்பதால் இவர்களுடையவற்றையும் கொல்ல உத்தரவு வந்தது. ஒரே நாளில் கொட்டிலும் வயலும் வெறுமையாயின. அது குட்டி ஈனும் பருவம்.

"இழப்பீட்டுக் காசு வந்தது" என்றார் அந்த அம்மா. "ஆனால் விடியக்காலை எழும்பி எங்கே போவது என்று தெரியவில்லை. இவர் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழும்புவார். சப்பாத்தைப் போடுவார். பிறகு இந்தக் கதிரையில் வந்து இருப்பார்."

அப்போது அவர்களிடம் ஒரு மேய்ச்சல் நாய் இருந்தது. நாயைக் கொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த நாய் ஒவ்வொரு நாள் காலையும் வயல் படலையடிக்குப் போய்க் குந்தியிருக்குமாம். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் விசில் கேட்கும் என்று காத்திருக்கும். மத்தியானம் வரை இருந்துவிட்டுத் திரும்பி வரும். புதிய ஆடுகள் அடுத்த ஆண்டு வரும்வரை அப்படித்தான். "ஆடுகளுக்காக நான் அழவில்லை. அந்த நாயைப் பார்த்துத்தான் அழுதேன்" என்றார்.

நேயர்களே, அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை. மகள் என் கையைப் பிடித்து, "என்னம்மா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்றை அந்த மேசையில்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பாதி, தமிழில் பாதி. மகள் இடையில் நின்று மொழிபெயர்த்தாள்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்த நாள். உங்களில் பலர் அந்த வழியால் நடந்தவர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. எங்கள் வீடு உரும்பிராயில். ஒலிபெருக்கியில் அறிவித்தபோது பொழுது பட்டுவிட்டது. அப்பா மாட்டுக்கொட்டிலுக்குப் போய் இரண்டு மாடுகளையும் கன்றையும் அவிழ்த்துவிட்டார். கொட்டிலிலிருந்த வைக்கல் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். படலையைத் திறந்துவிட்டார்.

எங்களிடம் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. சந்திவரை எங்களுக்குப் பின்னால் வந்தது. சனத்துக்குள்ளே மிதிபட்டுச் செத்துப்போகும் என்று அம்மா சொன்னார். நான்தான் அதைத் திருப்பிக் கொண்டுபோய் முற்றத்தில் விட்டேன். "இரு, ஜிம்மி. வாறம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி கேட்கிற நாய். இருந்தது.

மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். எங்களுக்குப் பிறகு இரண்டு நாள் கழித்து வந்த அயலவர் ஒருவர், ஜிம்மி படலையடியில் படுத்திருந்தது என்று சொன்னார். 1996 வைகாசியில் அப்பா திரும்பிப் போனபோது கொட்டிலும் இல்லை, மாடுகளும் இல்லை, நாயும் இல்லை. எத்தனையோ மனிதர்களை இழந்த காலத்தில் ஒரு நாயைப் பற்றிக் கதைப்பதே வெட்கம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடம் திறக்கவில்லை. பிஸ்கற்றின் கயிற்றை நான் தொடாததற்குக் காரணம் சாமியறை அல்ல, இதுதான்.

அந்த அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாடுகளுக்குப் பெயர் இருந்ததா?" என்று கேட்டார். "ஒன்று லட்சுமி, மற்றது செவலை. கன்றுக்குப் பெயர் வைக்க முன்னரே நாங்கள் வெளிக்கிட்டோம்" என்றேன். பண்ணைக்காரர் அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை. எல்லோரும் சிரித்தோம். மகள் மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வெளிக்கிடும்போது, இனி வரச்சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பண்ணைக்காரர் காரடிக்கு வந்து நாயின் கழுத்துப்பட்டியை விரல்விட்டுப் பார்த்தார். "ஒரு துளை இறுக்குங்கள். அடுத்த முறை வரும்போது நெஞ்சுப்பட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள், அதிலிருந்து கழன்று ஓடுவது கடினம்" என்றார். அடுத்த முறை என்று அவர் சொன்னதை இவர் லண்டன் வரும்வரை இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இனி, நாயோடு இப்படிப் போக விரும்புகிறவர்களுக்காகச் சில விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேனையும் தாளும் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது, நாயும் வரலாம் என்று போட்டிருந்தாலும் பதிவுசெய்ய முன்னர் ரெலிபோன் எடுத்துக் கேளுங்கள். எத்தனை நாய், மேலதிகக் கட்டணம் உண்டா, அது குட்டி ஈனும் பருவமா என்று கேட்பது நல்லது. மலைப்பகுதிகளில் சித்திரை, வைகாசி மாதங்கள் குட்டி ஈனும் காலம். முதற்தடவை போகிறவர்கள் அந்தக் காலத்தைத் தவிர்ப்பது எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டாவது, நாய்க்குப் பூச்சிமருந்து, உண்ணி மருந்து எல்லாம் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் காலிலும் பாருங்கள். உண்ணிக்கடியால் மனிதருக்கும் லைம் நோய் வரும். இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டிலிருந்து நாய்க்கு மைக்ரோசிப் கட்டாயம். வெளியிடங்களில் கழுத்துப்பட்டியில் சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்பதும் சட்டம்.

மூன்றாவது, பங்குனி முதலாம் திகதியிலிருந்து ஆடி 31 வரை, பொதுமக்கள் உலாவ அனுமதிக்கப்பட்ட திறந்த மலைநிலங்களில் நாய் இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் இருக்கவேண்டும். ஆடு மாடு அருகில் நின்றால் எந்த மாதமானாலும் அதே விதிதான்.

நான்காவது, கன்றோடு நிற்கும் மாட்டுக்கு அருகில் நாயோடு போகவேண்டாம். சுற்றிப் போங்கள். தப்பித்தவறி மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடு துரத்துவது நாயைத்தான். நாய் ஓடித் தப்பிவிடும், உங்களால் முடியாது. ஆட்டுக்குப் பக்கத்தில் கயிற்றை விடக்கூடாது, மாடு துரத்தினால் விடவேண்டும். இரண்டையும் மாறி விளங்கிக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாவது, எங்கள் சாப்பாடு பற்றியது. வெங்காயமும் உள்ளியும் போட்ட கறிச்சோற்றை நாய்க்குப் போடக்கூடாது. ஊரில் போட்டோமே என்று சொல்லாதீர்கள். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். முந்திரிகைப்பழம், பிளம்ஸ் என்று நாங்கள் சொல்லும் உலர்ந்த திராட்சை, சொக்கலேற் எல்லாம் நஞ்சு. ஆகவே கேக் துண்டும் வேண்டாம்.

பண்ணைக்காரர்கள் இப்படி ஆட்களைத் தங்க வைப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. ஆட்டு உரோமத்தை வெட்டுகிற கூலிக்கே அந்த உரோமத்தின் விலை பல இடங்களில் காணாது. நிலத்தின் அளவுக்கேற்ப வந்துகொண்டிருந்த பழைய மானியமும் இங்கிலாந்தில் 2021இலிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டது. எங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் இரண்டு நாள் வாடகை அவர்களுக்கு உதவுகிறது. ஆனால் நாங்கள் கொண்டுபோகும் நாய் ஒரு நிமிடத்தில் அதைவிடப் பெரிய நட்டத்தை உண்டாக்கிவிடும்.

சட்டம் இருக்கிறதே என்ற பயத்தில் கயிற்றைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. காலையில் எழும்பி வெறும் கொட்டிலைப் பார்ப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும். தெரிந்த நாங்கள் இன்னொருவருடைய வயலில் கவனமாக நடக்கவேண்டும். அன்று காலை அந்தப் படலையைச் சாத்தாமல் விட்டது என் பிழை. அதை இந்த வானொலியில் சொல்லுவதும் அதற்காகத்தான்.

இப்போது பின்னேரங்களில் பிஸ்கற்றை நடக்கக் கூட்டிப்போவது நான்தான். மகள் சிலவேளை கூட வருவாள். லட்சுமி எத்தனை போத்தல் பால் தந்தது, ஜிம்மி எப்படி அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் சந்தைவரை ஓடும், கொட்டில் வீட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்றெல்லாம் கேட்பாள். சொல்லிக்கொண்டே நடப்பேன். சென்ற கிழமை ஒரு தாளில் எங்கள் வளவை வரைந்து காட்டினாள். கிணறும் கொட்டிலும் படலையும் சரியாக இருந்தன. தென்னை மட்டும் ஒன்று குறைவு. அதையும் சொல்லிக் கீறுவித்தேன்.